பட்டாளச் சாவடி வரவு செலவு

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.
கூடவே இந்த நோட்டும்.
ஓரமெல்லாம் கரையான் தின்றது.
முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி,
அதன்கீழ் வழக்கம்போல் ‘லாபம்’ என்று எழுதி
பிறகு யோசித்து அடித்திருக்கிறார்கள்.

1946 ஆவணி.
பூவங்குறிச்சியிலிருந்து பர்மாச் சண்டைக்குப் போனவர் ஒன்பது பேர்,
வந்தவர் ஆறு.
ஆளுக்கு முப்பது ரூபாய் வரவு:
வெள்ளத்துரை, மூக்காண்டி, நயினார், அரசமுத்து,
லாரி ஓட்டிய சங்கரபாண்டி,
கடைசி வரியில் எசக்கிமுத்து.
அவருக்கும் அதே முப்பதுதான்.
எசக்கிமுத்து உனக்கு என்ன வேணும் என்று கேட்காதீர்கள்.
வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், எங்கள் தெருவில்,
எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ வேணும்.

கலைந்த முகாமில் ஏலம் எடுத்த தகரம் எழுபத்திரண்டு.
வண்டிச்சத்தம் ஏழு ரூபாய் எட்டணா.
சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி.
(கருப்பட்டியில் பாதியைக் கொத்தனார் பிள்ளைகள் தின்றதாக
ஓரத்தில் ஒரு புகார்.)
கீழவாசல், தேக்கு, தச்சுக்கூலி பதினொன்று.
மேலவாசல், வேம்பு, தச்சுக்கூலி நான்கு.
ஏன் இரண்டு என்று எழுதவில்லை.
எழுதித் தெரிய வேண்டியவர்
அன்று ஊரில் யாரும் இல்லை.

காட்டில் ஒரே தட்டில் தின்றார்களாம்.
காய்ச்சலில் கிடந்த சங்கரபாண்டியைத்
தோளில் போட்டு இரண்டு நாள் நடந்தது எசக்கிமுத்தாம்.
அந்தத் தோள்
வேப்பங்கதவு வழியே குனிந்து வந்து
பின்வரிசையில் உட்கார்ந்தது.

அப்புறம் வால்வு ரேடியோ. ஓட்டுப்பெட்டிக்கு மேசை வாடகை.
பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கலக்க விறகு.
அம்மைகுத்த வந்தவருக்குச் சாப்பாடு.
நடுநடுவே, பதினேழு இடத்தில்,
‘மழை. கூட்டம் நின்றது.’
ஐப்பசி தகரத்தில் இறங்கினால்
பக்கத்தில் இருப்பவன் திட்டுவதுகூடக் கேட்காது.
வாய்க்கால் முறை, கோயில் வரி, ஆடு மேய்ந்த வழக்கு
எல்லாம் திறந்த வாயோடு நின்று பார்த்துவிட்டு
முண்டாசை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கின்றன.
எங்கள் ஊருக்கு வாய்த்த நாட்டாமைகளில்
மழை கொஞ்சம் நல்லது.

1992 நவம்பர்.
ஆறு கேட்காமல் ஊருக்குள் வந்தது.
வாய்க்கால் எது, தெரு எது, யார் தெரு எது
ஒன்றும் தெரியவில்லை.
மேட்டில் சாவடி மட்டும் நின்றது.
வேப்பங்கதவு ஊதிப்போய் இறுகிக்கொண்டது.
நானூறு பேரும் பதினாறு மாடும்
தேக்குக்கதவு வழியேதான்.
எனக்கு ஒன்பது வயது.
முதுகில் ஒரு கை பட்டது:
“ஏறு பிள்ள, நிக்காத.”
எந்தத் தெருக் கை என்று இன்றும் தெரியாது.
மூன்று ராத்திரி ஒரே அண்டாக் கஞ்சி.

உடனே கண் கலங்க வேண்டாம்.
நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது.
ஐந்தாம் நாள் செலவு இது:
‘மேலவாசல் கதவு இழைத்துச் சீர்செய்த கூலி ரூ. 60.’
கையெழுத்து ரொம்ப அழகு.

தகரம் போய் கான்கிரீட் வந்தது.
இப்போது மழை பெய்வது உள்ளே தெரியாது,
கூட்டம் ராத்திரி பத்துவரை நீள்கிறது.
இருபத்துமூன்று மார்கழி வெள்ளத்தில்
தென்சுவர் விரல் நுழைய விட்டது.
இடித்துக் கட்ட எஞ்சினீயர் வந்தார்.
“வாசல் ஒண்ணு போதும்” என்றேன்.
“இல்லம்மா, ரூல்படி ரெண்டு வேணும்.
தீப்பிடிச்சா ஓடணும்லா.”
கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.
நயினார் பேரன் இருமினான்.

பென்சிலை வாங்கி நானே போட்டேன்.
கிழக்குச் சுவரில் ஒன்று.
அதே சுவரில், நாலடி தள்ளி, இன்னொன்று.
அளவு ஒன்று, மரமும் ஒன்று.
“இப்படி யாரும் வைக்க மாட்டாங்களே.”
“தெரியும்.”
“தீப்பிடிச்சா?”
“எல்லாரும் கிழக்கே ஓடுவோம்.”

நோட்டில் எழுதினேன்:
எஞ்சினீயருக்கு டீ, வடை, ரூ. 22.
வாசல் இரண்டு.
ஏன் என்பதையும் எழுதினேன்.
அரைப்பக்கம் வந்தது.